பெயர் சொல்லி அழைத்தல்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பெரிய நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு முடியும் தறுவாயில், என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த மெய்ப்புத் திருத்துநர் ஒருவருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து ஒரு வாரம் வேலை பார்த்தேன். நான் மொழிபெயர்த்த பக்கங்களை அவர் தம் கணினியில் வாசித்துக்கொண்டே வருவார். ஐயம் எழும் சொல்லில் சற்று நிற்பார். கண்மூடித் திறப்பதற்குள் அகராதியின் பக்கம் அதே சொல்லோடு திரையில் திறந்திருக்கும். அவருடைய கை சுட்டியின் (மவுஸின்) பக்கம் போனதை நான் பார்க்கவே இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கேட்டுவிட்டேன்.

"சார், இப்ப என்ன பண்ணீங்க?"

"அகராதியைக் கூப்பிட்டேன் தம்பி."

"எப்படிக் கூப்பிட்டீங்க?"

"பேர் வச்சிருக்கேன்ல. பேரைச் சொன்னா வந்துடுது."

பிறகு எனக்காக விரல்களை மெதுவாக நகர்த்திக் காட்டினார். கன்ட்ரோல் விசையோடு எல் விசையை அழுத்தினார். கர்சர், இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவியின் முகவரிப் பட்டைக்குள் போய் நின்றது. 'அ' என்று ஓர் எழுத்தைத் தட்டினார், ஓர் இடைவெளி விட்டார், தேட வேண்டிய சொல்லைத் தட்டினார், என்டரை அழுத்தினார். அவ்வளவுதான் வேலை.

அன்று மாலையே என் கணினியிலும் அதைச் செய்துகொண்டேன். என் வேலையை மாற்றியவற்றைக் கணக்கெடுத்தால், பிறகு வாங்கிய வேகமான கணினியும் வேகமான இணைய இணைப்பும் அந்த ஓர் எழுத்துக்கு அடுத்தபடியாகத்தான் வரும். தட்டச்சு செய்யும் குறுஞ்சொற்களால் கணினியை இயக்குவதை எல்லோரும் வேகத்துக்கான உத்தியாகவே எடுத்துச் சொல்கிறார்கள். வேகம் கிடைப்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பயன் ஒன்று இதில் இருக்கிறது என்பதைப் பழகப் பழகத்தான் உணர்ந்தேன். அதைச் சொல்வதற்கு முன், இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உலாவியைப் பொறுத்தவரை இதன் உள்வேலை மிக எளியது. பெரும்பாலான தேடல் பக்கங்களில் ஒரு சொல்லைத் தேடினால், விடை வரும் பக்கத்தின் முகவரியிலேயே அந்தச் சொல்லும் வந்து உட்கார்ந்திருக்கும். அந்த முகவரியை எடுத்து, சொல் இருந்த இடத்தை மட்டும் அழித்து, அங்கே ஒரு சதவீதக் குறியையும் அதையொட்டி ஆங்கிலச் சிற்றெழுத்து எஸ்ஸையும் இட்டால், எந்தச் சொல்லையும் ஊற்றி எடுக்கக்கூடிய வார்ப்பாக அது மாறிவிடுகிறது. ஃபயர்பாக்ஸ் உலாவியில் இந்த முகவரியைப் புத்தகக்குறியாக (புக்மார்க்காக) சேமித்து, அந்தப் புத்தகக்குறியைத் திருத்தும் சாளரத்தில் குறிச்சொல்லுக்கென்று இருக்கும் கட்டத்தில் 'அ' என்று இட்டுவிட்டால் போதும். அதன் பிறகு முகவரிப் பட்டையில் 'அ', இடைவெளி, சொல் என்று தட்டியவுடன், குறி இருந்த இடத்தில் சொல்லை வைத்து உலாவி நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. நடுவில் தேடுபொறியும் இல்லை, தளத்தின் முகப்புப் பக்கமும் இல்லை.

தமிழில் தேடுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். முகவரிக்குள் தமிழ் எழுத்து தமிழ் எழுத்தாகவே பயணம் செய்வதில்லை. எழுத்துகளை எண்களாக மாற்றிக் கணினி வைத்துக்கொள்ளும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரிகிறது. 'அம்மா' என்ற சொல் கணினிக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறிகள். முகவரியில் அது 45 எழுத்துகள் நீளும். தமிழ்ப் பக்கம் ஒன்றின் முகவரியை நகலெடுத்து வேறெங்கோ ஒட்டும்போது சதவீதக் குறிகளாக ஒரு முழ நீளத்துக்கு விழுவது இதனால்தான். எனவே வார்ப்பைச் செய்யும்போது தமிழ்ச் சொல்லைத் தேடிப் பார்க்காமல், எண்ணையோ எளிய ஆங்கிலச் சொல்லையோ தேடிப் பார்த்து அந்த முகவரியை எடுத்தால், எந்த இடத்தை அழிக்க வேண்டும் என்பது பளிச்சென்று தெரியும். சிற்றெழுத்து எஸ் இருந்தால் இந்த மாற்றத்தை ஃபயர்பாக்ஸ் தானே செய்துகொள்கிறது. பேரெழுத்து எஸ் இட்டால் தட்டியதைத் தட்டியபடியே அனுப்புகிறது. சாய்கோடு கலந்த பாதையை அனுப்ப வேண்டிய இடங்களில் அந்தப் பேரெழுத்து உதவும்.

குரோமிலும் எட்ஜிலும் இதே வார்ப்பை அமைப்புகளில் தேடுபொறிகளை நிர்வகிக்கும் பகுதியில் சேர்க்க வேண்டும். குறுஞ்சொல்லைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் முகவரிப் பட்டை அந்தத் தளத்துக்கான தேடல் கட்டமாகிவிடும். இவை தவிர, உலாவியிலேயே அமைந்த சில குறிகளும் உண்டு. ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் நட்சத்திரக் குறியும் இடைவெளியும் இட்டுத் தட்டினால் புத்தகக்குறிகளுக்குள் மட்டும் தேடும். சதவீதக் குறியும் இடைவெளியும் இட்டால் திறந்திருக்கும் பக்கங்களுக்குள் மட்டும் தேடும். நாற்பது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு இந்தச் சதவீதக் குறி ஒன்றே பெரிய ஆறுதல்.

2008-இல் தொடங்கிய டக்டக்கோ தேடுபொறியில் 'பேங்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆச்சரியக் குறியையும் ஒரு சுருக்கத்தையும் சொல்லுக்கு முன்னே இட்டால், அந்தத் தளத்தின் தேடலுக்கே அது நம்மை அனுப்பிவிடும். இப்படிப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சுருக்கங்கள் அங்கே ஆயத்தமாக இருக்கின்றன. தொடங்குபவர்களுக்கு நல்ல வழி என்றே சொல்வேன். ஆனாலும் நான் அதில் நிலைக்கவில்லை. தேடும் சொல் முதலில் அந்தத் தேடுபொறியின் சேவையகத்துக்குப் போய், அங்கிருந்துதான் உரிய இடத்துக்குப் போகிறது என்பது ஒரு காரணம். அந்தச் சுருக்கங்கள் பிறர் வைத்த பெயர்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு அப்போது தெரியாது.

இனி வேகத்துக்கு வருகிறேன். கணினியில் ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை விசை விசையாகக் கணக்கிட, ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மொரான், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் 1980-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். பழகிய கை ஒரு விசையை அழுத்த 0.2 நொடி, சுட்டியால் திரையில் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 நொடி, கை விசைப்பலகையிலிருந்து சுட்டிக்கோ சுட்டியிலிருந்து விசைப்பலகைக்கோ மாற 0.4 நொடி, அடுத்து என்ன செய்வது என்று மனம் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள 1.35 நொடி என்பவை அவர்கள் தந்த அளவுகள். அகராதியைச் சுட்டியால் திறப்பதை இதில் வைத்துப் பார்த்தேன். கை சுட்டிக்குப் போக 0.4, புத்தகக்குறியைச் சுட்ட 1.1, சொடுக்க 0.2, தேடல் கட்டத்தைச் சுட்ட 1.1, மறுபடி சொடுக்க 0.2, கை விசைப்பலகைக்குத் திரும்ப 0.4 என மொத்தம் 3.4 நொடி. கன்ட்ரோல், எல், 'அ', இடைவெளி என்ற நான்கு விசைகளுக்கு 0.8 நொடி. மிச்சம் 2.6 நொடி. நாளொன்றுக்கு நூறு முறை அகராதி பார்த்தாலும் 260 நொடி, அதாவது நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்.

அந்த நான்கு நிமிடத்தை நான் மதிக்கிறேன். ஆனால் என் நாளை மாற்றியது அது இல்லை. மேற்சொன்ன கணக்கில் மனத்துக்கு உரிய 1.35 நொடியை நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். ஏனென்றால் அங்கே இழப்பதை நொடியால் அளக்க முடியாது என்பது என் அனுபவம்.

மொழிபெயர்ப்பில் அது எப்படி நிகழ்கிறது என்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் மூன்று கிளைகளோடு நீளும் வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். ஆகவே மூலத்தின் நடுவில் இருக்கும் வினையைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் கிளைகளை ஒவ்வொன்றாக முன்னுக்குக் கொண்டுவந்து எச்சங்களாகக் கோத்து, கையில் வைத்திருந்ததைக் கடைசியில் இறக்கி வைக்க வேண்டும். அந்தச் சில நொடிகள் வாக்கியம் முழுவதும் மனத்திலேயே நின்றுகொண்டிருக்கும், தலையில் நீர்க்குடம் வைத்துக்கொண்டு நடப்பதுபோல. அப்போது ஒரு சொல்லில் ஐயம் வருகிறது. புத்தகக்குறிப் பட்டியலைத் திறக்கிறேன். ஐம்பது பெயர்கள் கண்ணில் படுகின்றன. அவற்றுள் ஒன்று நேற்று வாசிக்காமல் விட்ட கட்டுரை. அதைத் திறக்கவில்லை, தாண்டித்தான் போகிறேன். அகராதியைத் திறக்கிறேன், அதன் முகப்பில் இன்றைய சொல் என்று ஏதோ இருக்கிறது. கட்டத்தைக் கண்டுபிடித்துச் சொல்லை இட்டு, பொருளோடு திரும்பி வருகிறேன். பொருள் கையில் இருக்கிறது. குடம் கீழே கிடக்கிறது. வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

பட்டியல் என்பது தேடி எடுக்க வேண்டியது. பெயர் என்பது அழைத்தால் வருவது. முன்னதில் வேண்டாத எல்லாவற்றையும் பார்த்து, வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும்; ஒவ்வோர் ஒதுக்கலும் சிறியதொரு முடிவு. பின்னதில் வேண்டியதைத் தவிர வேறெதுவும் கண்முன் வருவதில்லை. 'அ' என்று தட்டும்போது என் மனம் அகராதியைப் பற்றி எண்ணுவதில்லை, உலாவியைப் பற்றி எண்ணுவதில்லை. ஐயத்துக்குரிய சொல்லையும் அது நிற்க வேண்டிய வாக்கியத்தையும் பிடித்தபடியே இருக்கிறது. நான் பெற்ற பெரும்பயன் என்று சொன்னது இதைத்தான்.

இப்படி ஆன பிறகு, பெயர் வைப்பதே கவனித்துச் செய்ய வேண்டிய வேலை என்று தெரிந்துகொண்டேன். தொடக்கத்தில் தளங்களின் பெயரால் சுருக்கங்களை வைத்தேன். ஒரு தளம் மூடப்பட்டு வேறொன்றுக்கு மாறியபோது, விரல் பழைய பெயரையே தட்டியது. புதிய பெயரைப் பழக்க இரண்டு வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து, எந்தத் தளம் என்பதை விட்டுவிட்டு, எனக்கு என்ன வேண்டும் என்பதையே பெயராக வைக்கிறேன். 'அ' என்பது அகராதி. எந்த அகராதி என்பது விரலுக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் 'அ' மூன்று வெவ்வேறு தளங்களுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு முகவரியைத்தான் மாற்றினேன், கை எதையும் புதிதாகக் கற்கவில்லை. அதேபோல் 'க' என்பது கலைச்சொல். நானே தொகுத்து வைத்திருக்கும் கலைச்சொல் அட்டவணைக்குள் தேடும். 'வ' என்பது வரைபடம். 'வி' மட்டும் விக்கிப்பீடியா என்றே இருக்கிறது. அதற்கு மாற்று வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விசைப்பலகை இரண்டு மொழிகளுக்கிடையே மாறிக்கொண்டே இருப்பது நம்மைப் போன்றவர்களுக்கு உள்ள தனிச் சிக்கல். ஆங்கிலத்தில் இருக்கும்போது 'அ' என்று தட்டினால் ஆங்கில 'ஏ' விழும். குறுஞ்சொல் வேலை செய்யாது. சில மாதங்கள் இதோடு மல்லுக்கட்டிய பிறகு ஒரு வழி தோன்றியது. நான் பயன்படுத்துவது தமிழ்99 விசைப்பலகை. அதில் 'அ' இருப்பது ஆங்கில 'ஏ' இருக்கும் அதே விசையில். 'வ' இருப்பது 'வி' என்னும் ஆங்கில எழுத்தின் விசையில். 'க' இருப்பது 'ஹெச்' விசையில். ஆகவே ஒவ்வொரு குறுஞ்சொல்லுக்கும் அதே விசையில் உள்ள ஆங்கில எழுத்தால் இன்னொரு குறுஞ்சொல்லையும் செய்துகொண்டேன். ஒரே முகவரி இரண்டு குறிச்சொற்களை ஏற்காமல் போகலாம் என்பதால், இரண்டாவது புத்தகக்குறியின் முகவரிக் கடைசியில் ஒரு # குறியைச் சேர்த்து வேறாக்கினேன். இப்போது விசைப்பலகை எந்த மொழியில் இருந்தாலும் விரல் அதே இடத்தில் விழுகிறது, அகராதி வருகிறது. கலைச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'ஹெச்' என்று பெயர் இருப்பதைப் பார்ப்பவர்களுக்குப் பொருள் விளங்காது. விளங்க வேண்டியது என் விரலுக்கு மட்டும்தான்.

உலாவியில் இதைப் பழகிய கை, எழுதும் இடத்திலும் இதையே கேட்கத் தொடங்குகிறது. ஒரே வாக்கியத்தை ஒரு நாளில் பத்து முறை எழுதுபவர்கள் அதைச் சுருக்கி எழுத வழி தேடுவது கணினிக்கு மிக முந்தைய பழக்கம். நம் பழைய ஏடுகளிலும் ஆவணங்களிலும் கணக்குகளிலும் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று கூட்டெழுத்துகள் இருந்தன. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் தரும் யூனிகோடின், 2003-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் இவை சேர்க்கப்பட்டதால், இன்று இந்தப் பக்கத்திலும் அவற்றை அச்சிட முடிகிறது. 'மேற்படி' என்ற சொல்லை நாள் முழுவதும் எழுதிய கைதான் ௸ என்ற வடிவத்தைக் கண்டுபிடித்திருக்கும் என்று நினைக்கும்போது, முன்பின் தெரியாத அந்த எழுத்தர்மேல் எனக்கு மிகுந்த நெருக்கம் உண்டாகிறது.

தந்தித் துறையிலும் இதுவே நடந்தது. வால்டர் ஃபிலிப்ஸ் என்பவர் செய்தித் தந்திகளுக்காக 1879-இல் ஒரு சுருக்கத் தொகுப்பை வெளியிட்டார்; அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைக் குறிக்க இன்றும் வழங்கும் 'ஸ்காட்டஸ்' அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தச் சுருக்கங்களை அனுப்புபவர், பெறுபவர் இருவரும் கற்றிருக்க வேண்டும். மேற்படிக்குரிய குறியையும் எழுதுபவர், வாசிப்பவர் இருவரும் அறிந்திருக்க வேண்டும். கணினியில் அந்தக் கட்டாயம் இல்லை. நடுவில் நிற்கும் நிரல், என் சுருக்கத்தை விரித்து முழு வாக்கியமாக்கிய பிறகே வாசிப்பவரிடம் தருகிறது. சுருக்கம் என்னோடு நின்றுவிடுகிறது. ஆகவே அதை யாருடைய ஒப்புதலும் இல்லாமல் என் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். பிறர் வைத்த பெயர்களில் நான் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கான விடை எனக்கு இங்கேதான் கிடைத்தது.

இதற்கான கருவிகள் பல. விண்டோஸில் 2003 முதல் ஆட்டோஹாட்கீ இருக்கிறது; எஸ்பான்சோ என்ற கட்டற்ற மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது; மேக்கிலும் ஐபோனிலும் உரை மாற்றம் என்ற பெயரில் இயக்கமுறைமையிலேயே இருக்கிறது. தனி நிரல் எதையும் நிறுவ விரும்பாதவர்கள் வேர்டிலும் லிப்ரஆபிஸிலும் உள்ள தன்திருத்தத்தைக்கொண்டே பெரும்பகுதி வேலையை முடித்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழையைத் திருத்துவதற்காக வந்த வசதிதான் அது. பிழை என்ற இடத்தில் நம் சுருக்கத்தையும், திருத்தம் என்ற இடத்தில் முழுத் தொடரையும் இட்டுவிட்டால், இடைவெளி விசையைத் தட்டியவுடன் சுருக்கம் விரிந்துவிடும்.

இடைவெளிக்குக் காத்திருந்து விரிப்பது ஒரு வகை. கடைசி எழுத்து விழுந்தவுடன் விரிப்பது இன்னொரு வகை. தமிழில் இரண்டாவது வகையிடம் மிகக் கவனமாக இருக்க வேண்டும். 'ஆண' என்று ஒரு சுருக்கம் வைத்தால், 'ஆண்டு' என்று தட்டப் போகும்போது புள்ளி விழுவதற்கு முன்பே அது விரிந்துவிடக்கூடும். ஏனென்றால் கணினிக்கு 'ண்' என்பது ஓர் எழுத்தன்று, 'ண'வும் அதன்மேல் வரும் புள்ளியும். மேலும், சில கருவிகள் திரையில் விழும் எழுத்தைப் பார்ப்பதில்லை, விரல் தட்டும் விசையைத்தான் பார்க்கின்றன. இடையில் ஒரு தமிழ் உள்ளீட்டு முறை எழுத்தை மாற்றிக்கொண்டிருந்தால், திரையில் இருப்பது ஒன்று, கருவிக்குத் தெரிவது வேறொன்று. தமிழில் எழுதும்போது நான் தன்திருத்தத்தையே பெரிதும் நம்புவது அதனால்தான். அது ஆவணத்தில் விழுந்துவிட்ட எழுத்தைப் பார்க்கிறது.

சுருக்கம் எந்தச் சொல்லாகவும் இருந்துவிடக் கூடாது என்பதற்காக, முதலில் ஒரே எழுத்தை இரண்டு முறை தட்டலாம் என்று எண்ணினேன். 'மம' என்று தட்டினேன். 'ம்ம' என்று விழுந்தது. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி வைப்பது தமிழ்99-இன் சிறப்புகளில் ஒன்று. எழுதுவதற்கு அத்தனை வசதியான அந்தச் சிறப்பே இங்கே குறுக்கே நின்றது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் அரைப்புள்ளியை முன்னே இடுவார்கள். தமிழ்99-இல் அந்த விசையில் 'ந' இருக்கிறது. கடைசியில் காற்புள்ளி கைகொடுத்தது. காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாமல் நாம் எந்தச் சொல்லையும் தொடங்குவதில்லை அல்லவா? ஆகவே ',மு' என்பது எந்த வாக்கியத்திலும் தற்செயலாக விழாது. அதைத் தட்டினால் என் முகவரி முழுவதும் நான்கு வரிகளில் விரிகிறது. ',ந' என்றால், அனுப்பிய பக்கங்கள் கிடைத்ததற்கு நன்றி சொல்லும் இரண்டு வாக்கியங்கள்.

இந்த வசதி எனக்கு ஒரு முறை பெரிய சங்கடத்தையும் தந்தது. பதிப்பகம் ஒன்றுக்காக, நூலாசிரியர்களுக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. திருத்திய பக்கங்களை அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதைச் சொல்லும் வாக்கியத்துக்கு ஒரு சுருக்கம் வைத்திருந்தேன். நடுவில் அந்த அவகாசம் 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைக்கப்பட்டது, எனக்கும் தெரிவிக்கப்பட்டது. ஆனால் சுருக்கத்தின் உள்ளே இருந்த எண்ணை நான் மாற்றவில்லை. மூன்று வாரங்கள், எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் விரல் தட்டியது, வாக்கியம் விரிந்தது, கண் அதை வாசிக்காமல் தாண்டிப் போனது. நானே எழுத்து எழுத்தாக எழுதியிருந்தால் '30' என்று தட்டும் இடத்தில் கை நின்றிருக்கும். ஓர் எழுத்தாளர் இருபதாம் நாள் பக்கங்களை அனுப்பி, தாமதம் என்று திருப்பி அனுப்பப்பட்டு, வருத்தத்தோடு எனக்கு எழுதியபோதுதான் தெரிந்தது. அவரிடமும் மற்ற ஏழு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுத் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன்; அந்த எட்டுக் கடிதங்களில் எந்தச் சுருக்கத்தையும் பயன்படுத்தவில்லை.

அதன் பிறகு, எண், நாள், தொகை, ஆள்பெயர் ஆகியவற்றை எந்தச் சுருக்கத்துக்குள்ளும் வைப்பதில்லை. அவை வர வேண்டிய இடத்தில் மூன்று அடிக்கோடுகளை விட்டுவிடுகிறேன். அந்த வெற்றிடம் கண்ணை நிறுத்துகிறது, கை அதை நிரப்பியே ஆக வேண்டியிருக்கிறது. இன்றைய தேதியைக் கணினியே இட்டுக்கொள்ளும்படி செய்வது வேறு. அது எப்போதும் சரியாகவே இருக்கும். கடவுச்சொல்லை இப்படி வைத்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கூடவே கூடாது. பெரும்பாலும் இந்தச் சுருக்கங்கள் யார் திறந்தாலும் வாசிக்கக்கூடிய வெறும் உரைக் கோப்பில் இருப்பவை. கடவுச்சொல்லுக்கென்று தனிக் காப்பகங்கள் இருக்கின்றன.

நிரல்களைப் பெயர் சொல்லித் திறப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தினால் வரும் ரன் கட்டம் விண்டோஸ் 95 காலத்திலிருந்தே நம்மோடு இருக்கிறது. கால்க் என்று தட்டினால் கணிப்பான், நோட்பேட் என்று தட்டினால் குறிப்பேடு. நம் கோப்புறைகளுக்கும் இப்படிப் பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது: குறுக்குவழிகளை ஒரே கோப்புறையில் குறும்பெயர்களோடு சேர்த்து, நிரல்களைக் கணினி எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் பட்டியலில் அந்தக் கோப்புறையைச் சேர்த்துவிட்டால், ரன் கட்டம் அந்தப் பெயர்களையும் புரிந்துகொள்ளும். மேக்கில் இதே வேலைக்கு 2005 முதல் ஸ்பாட்லைட் இருக்கிறது. கட்டளைகளைத் தட்டியே கணினியை இயக்கும் முனையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. 'எல்எஸ்', 'சிபி', 'எம்வி' என்ற, யூனிக்ஸ் இயக்கமுறைமையின் இரண்டெழுத்துக் கட்டளைகள், நொடிக்குப் பத்து எழுத்துகளே அச்சிடும் தொலை அச்சுப்பொறிகளின்முன் அமர்ந்து வேலை செய்தவர்கள் வைத்த பெயர்கள்.

எத்தனை சுருக்கங்கள் வேண்டும் என்றால், ஒரு செயலை ஒரே வாரத்தில் மூன்றாம் முறை செய்யும்போதுதான் நான் பெயர் வைக்கிறேன்; அதற்கு முன் வைப்பவை மறந்துபோகின்றன. ஒரு கட்டத்தில் அறுபத்தைந்து இருந்தன. நாற்பதை நினைவிலிருந்து சொல்ல முடியவில்லை, அவற்றை அழித்துவிட்டேன். அழித்ததால் எந்த வேலையும் நிற்கவில்லை.

சென்ற ஆண்டு, புதிதாக மொழிபெயர்ப்புக்கு வந்த பெண் ஒருவருக்கு இதையெல்லாம் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். என்னுடைய குறுஞ்சொற்கள் அனைத்தையும் அவருடைய கணினியில் ஏற்றியும் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது அவற்றுள் ஒன்றுகூட இல்லை. பழகவில்லையோ என்று நினைத்து ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு சொல்லில் நின்றார். கன்ட்ரோல், எல். பிறகு 'தெ' என்று தட்டி, இடைவெளி விட்டு, சொல்லைத் தட்டினார். அகராதி வந்தது.

"அது என்ன 'தெ'?"

"தெரியலை. புரியாத சொல் வந்தா மனசுக்குள்ள அப்படித்தான் சொல்லிக்குவேன் அண்ணா. அதையே பேரா வச்சுட்டேன்."

"அப்ப 'அ'?"

"அது அம்மாவுக்கு எழுதுற மெயில்," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.